புல்லுக்கட்டுக்காகக் காடு ஏறாமல் ஒரு மாடு வளர்ப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் பல தோட்டங்களில் தேயிலை மலை முடிகிற இடத்திலேயே காடு தொடங்கிவிடும். காலையில் மாட்டை அவிழ்த்துவிட்டால் அதற்கு எல்லை தெரியுமா? உள்ளே போய் முளைத்து வரும் மரக்கன்றுகளைக் கடித்து, ஓடைக்கரையை மிதித்துச் சேறாக்கிவிட்டு வரும். சிவனொளிபாதமலையைச் சுற்றியுள்ள இந்தக் காடும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. மாட்டுக்காரருக்கும் காட்டுக்குள் ஆபத்துதான். கன்றுக்குட்டியைச் சிறுத்தை அடிக்கும். பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் மாட்டின் காலும் மாட்டும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படியொரு கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது.

மாட்டைப் பட்டியிலேயே கட்டி, புல்லை நாமே வளர்த்துப் போடுவதுதான் வழி. முதல் மாடு வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. மாட்டுக்கு முன் நிலக்கணக்கு

சுமார் 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளைக்கு 30 கிலோ பச்சைப்புல் வேண்டும். சுமாராக விளையும் கோ-3 (உயரமாக வளரும் கலப்பினத் தீவனப்புல்) என்றால் அதற்கு 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர் பிடிக்கும் என்பது என் கணக்கு. வீட்டுக்கென்று தருகிற துண்டு நிலத்தில் வீடு போக மிஞ்சுவது மாட்டின் காலைச் சாப்பாட்டுக்கே காணாது. ஆகவே சும்மா கிடக்கும் ஓரங்களைத் தேடுங்கள்: ரோட்டோரம், கான் (வடிகால்) ஓரம், தேயிலை பிடுங்கிவிட்ட தரிசு. தோட்ட நிலம் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு மண்வெட்டியைத் தொடுங்கள். நிலம் போதாவிட்டால் பக்கத்து வீட்டாரோடு கூட்டுச் சேரலாம், இல்லை ஆடு வளர்க்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. மட்டம் பார்த்தல்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் வருடம் நான் சரிவில் மேலிருந்து கீழாக நேர்வரிசை பிடித்தேன், நடுவதற்கு லேசாக இருந்தது. ஆனி மழையில் பாதிப் புல்லும் மேல்மண்ணும் கீழ்வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வீட்டு அக்கா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

வரிசை சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். அதற்குக் கருவியை நாமே செய்யலாம். ஏழடி நீளத்தில் இரண்டு கம்புகளை எடுத்து உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்று கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள், குறுக்குக் கம்பைத் தாண்டித் தொங்கட்டும். இப்போது அதை நிறுத்தி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம்.

அப்புறம் சரிவில் ஒரு காலை ஊன்றி, கயிறு நடுப்புள்ளிக்கு வரும்வரை மற்றக் காலை மேலும் கீழும் நகர்த்துங்கள். வந்ததும் அங்கே ஒரு முளை அடித்து, அந்த இடத்திலிருந்து அடுத்த எட்டு வையுங்கள். வரிசை பாம்பு மாதிரி வளைந்துதான் போகும், அதை நேராக்கப் பார்க்காதீர்கள். காற்றடிக்கும் நாளில் கல் ஆடிக்கொண்டே இருக்கும், அன்றைக்கு வேறு வேலை பாருங்கள்.

3. நடுகை

கோ-3 தண்டுக்கு அருகிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. சித்திரை மழைக்கு நட்டால், பெருமழை வருமுன் வேர் பிடித்துவிடும். நுவரெலியா மாதிரி 1,800 மீற்றருக்கு மேலே குளிரில் இந்தப் புல் மந்தம். அங்கே கிக்கியு, ரைகிராஸ் நல்லது.

4. வேலி

புல்வரிசையைச் சுற்றி உயிர்வேலி போடுங்கள். கண்டி, மாத்தளைப் பக்கத்தில் கிளிரிசிடியா மரம் நன்றாக வரும், குளிர் கூடிய மேட்டில் டடப் (முள்முருங்கை இனம்) தான் சரி. ஐந்தடிப் போத்தை (நடுவதற்கு வெட்டிய கிளை) ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றி, ஒரு வருடம் கத்தி வைக்காமல் விடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழித்தால் இலை மாட்டுக்கு, கம்பு அடுப்புக்கு. தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சிகள் தீர்ந்த காலத்தில் விறகுக்காகக் காடு ஏறுவதும் இதனால் குறையும். கிளிரிசிடியா இலையை ஓரிரவு வாடவிட்டுக் கொடுங்கள், பச்சையாகப் போட்டால் அந்த வாடைக்கே பல மாடுகள் மூஞ்சியைத் திருப்பும். மொத்தத் தீனியில் கால் பங்குக்கு மேல் வேண்டாம்.

5. அறுப்பும் சாணமும்

முதல் அறுப்பு இரண்டரை, மூன்று மாதத்தில். பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, குளிர் இடங்களில் இன்னும் தள்ளிப்போகும். அரையடி அடிக்கட்டை விட்டு அறுங்கள். சாணத்தை எருக்குழியில் மக்கவைத்து அதே வரிசைகளுக்குத் திருப்பிப் போடாவிட்டால் இரண்டாம் வருடம் புல் மெலியும். பட்டி கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். இந்த ஓடைகள் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வழியாகக் களனி கங்கைக்குப் போகின்றன, கொழும்பில் குடிக்கிற தண்ணீர் அது.

6. தை, மாசி வறட்சிக்கு

மாட்டைக் காட்டுக்கு ஓட்ட மறுபடி மனசு வருகிற காலம் இது. மழை முடிகிற கையோடு மிஞ்சிய புல்லை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, அரைநாள் வாடவிட்டு, தடித்த பொலித்தீன் பையில் காலால் மிதித்துக் காற்றில்லாமல் இறுக்கிக் கட்டுங்கள். எலி கடிக்காத இடத்தில் ஒன்றரை மாதம் கிடக்கட்டும். திறக்கும்போது ஊறுகாய் மாதிரிப் புளிப்பு வாசம் வந்தால் சரி, முதல் நாள் ஒரு கைப்பிடி கொடுத்துப் பழக்குங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தாலோ அழுகல் நாற்றம் அடித்தாலோ அந்த மூட்டை எருக்குழிக்குத்தான்.