கடலூர்ப் பக்கம் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடியைப் பாருங்கள்

ஷோரூமிலிருந்து வண்டியை எடுத்து வருகிற அன்றைய சந்தோஷத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தப் புதுவாசனை ஆறு மாதத்தில் போய்விடும், விலையும் கூடவே இறங்கும். இன்சூரன்ஸ் பாலிசியில் ஐடிவி என்று வண்டியின் மதிப்பைப் போடுவார்களே, அது புது விலையிலிருந்து ஒரு வருஷம் தாண்டினால் 20 சதவீதம் கழியும், நாலு தாண்டினால் 50. அந்த நஷ்டத்தை முதல் ஓனர் ஏற்றுக்கொண்ட நாலைந்து வருஷ வண்டிதான் என் கணக்கில் சரியான வண்டி. அதைவிடப் பழசுக்குப் போகாதீர்கள், குறிப்பாகக் குடும்பத்தோடு ஈசிஆரில் போகிறவர்கள்: புதுக் கார் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கிற அமைப்பு) கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான், முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் 2022-லிருந்து வந்தவற்றில் நிச்சயம் இருக்கும்.

நம்ம ஊரில் இன்ஜினைவிட பாடிதான் முக்கியம், காரணம் உப்புக்காற்று. நான் முன்பு வாங்கிய கார் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே நின்ற வண்டி, பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாவது மாதம் டிரைவர் பக்கக் கால்மிதி மேட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினேன், தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கி, ஓட்டை வழியாக வாசல் சிமெண்ட் தெரிந்தது. பிள்ளைகள் கால் வைக்கிற இடம் அது. அதனால் மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கதவுக்குக் கீழே ஓடுகிற பட்டையிலும் சக்கரத்துக்கு மேல் வளைவிலும் ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை வைத்துப் பாருங்கள், தகரத்தில் நிற்கும், பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும்.

அப்புறம் வெள்ளம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை, அடுத்து தென்பெண்ணை பெருகி கடலூருக்குள் தண்ணீர். மூழ்கிய வண்டிகளும் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள்; சுருளுக்குள் இருக்கிற பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக்கோடு அங்கேயே நிற்கும். சீட் தண்டவாளத்தையும் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும் விரலால் தடவினால் வண்டல் மண் ஒட்டும். ஏசி போட்டு உள்ளே ஈரத்துணி வாடை அடித்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

விற்பவரிடம், நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும்.

பேப்பர்: ஆர்சியில் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி மேல் வாங்கிய கடன், பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் என்கிற அரசு இணையதளத்தில் பாருங்கள். பிஒய் நம்பர் (புதுச்சேரிப் பதிவு) வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் கடலூரிலேயே நிரந்தரமாக ஓட்டுவதென்றால் அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்கிற சான்று) வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, 12 மாதத்துக்குள் நம்பர் மாற்ற வேண்டும். அந்த வரியைக் கூட்டிப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள்.

பத்து வருஷம் நானே வைத்திருப்பேன் என்கிறவர் தாராளமாகப் புதுசு வாங்கலாம். அவர் முதல் வாரமே அடியில் ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடித்துவிட வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் நல்ல தண்ணீரை அடியில் பீய்ச்சிக் கழுவுங்கள். கதவின் அடிப்பக்கம் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் இருக்கும், மண் அடைத்திருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.