குறட்டால் ஒடித்த நான்கு ஊசிகள்: பழைய கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிய கதை

என் வீட்டில் இருப்பது 2012-இல் தயாரான கணினி. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை இரண்டாம் கையாக வாங்கினேன். ஒல்லியான கேபினெட், உள்ளே ஐ5-3470 பிராசசர், 240 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி). ஜிஃபோர்ஸ் 210 என்ற 2009-ஆம் ஆண்டுக் கார்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள் தோன்றின. மறுநாள் கார்டின் கதை முடிந்தது.

புதிய கார்டு வாங்குவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். செத்த கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்புற போர்ட்டிலேயே செருகிப் பாருங்கள். இன்டெல் ஐ3, ஐ5 பிராசசர்கள் பெரும்பாலானவற்றில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கடிதம் தட்டச்சு செய்யவும் படம் பார்க்கவும் அதுவே தாராளம். நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் மகள் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை நிரலைக் கற்றுக்கொள்கிறாள். பிளெண்டர் 4.0 முதல், நிரல்கள் கிராபிக்ஸோடு பேசும் மொழியான ஓப்பன்ஜிஎல்லின் 4.3 பதிப்பு வேண்டும்; என் பிராசசரில் உள்ள கிராபிக்ஸ் 4.0-ஐத் தாண்டாது. நிரல் திறக்கவே மறுத்தது. அதனால்தான் கார்டு தேடிக் கிளம்பினேன்.

கேபினெட்டைத் திறந்து அளவெடுங்கள்

கார்டு எவ்வளவு வேகமானது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பழைய கணினியில் கார்டைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல. பெட்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான் தேர்ந்தெடுக்கின்றன.

சாதாரண கார்டின் பின்பக்க உலோகப் பட்டை ஏறத்தாழ 12 செ.மீ. உயரம் இருக்கும். ஒல்லிக் கேபினெட்டில் 8 செ.மீ. பட்டைதான் நுழையும். கடையில் 'லோ ப்ரொஃபைல்' என்று கேட்க வேண்டும். குட்டையான பட்டை அதே பெட்டிக்குள் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும். அடுத்தது தடிமன். ஜிடிஎக்ஸ் 1650 என்ற கார்டில் குட்டை வகை உண்டு, ஆனால் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் இடத்தை அடைத்துக்கொள்ளும். என் பெட்டியில் இரண்டாவது ஸ்லாட் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் சுவர் நிற்கிறது. அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்த அந்த நிமிடமே 1650 கனவு கலைந்தது.

எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

மேலே பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். என்னுடையதில் 16 ஆம்பியர். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசசருக்கு 77 வாட், ஹார்டு டிஸ்க், மின்விசிறி, மற்றவற்றுக்கு ஒரு 40 வாட் கழித்தால் 75 வாட் மிஞ்சும். கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதற்குத் தரக்கூடிய உச்ச அளவும் அதே 75 வாட்தான். காகிதத்தில் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பத்து ஆண்டுக்கு மேல் புழுதியும் வெக்கையும் தின்ற எஸ்எம்பிஎஸ்ஸிடம் கடைசிச் சொட்டு வரை கறக்க எனக்குத் துணிவில்லை.

75 வாட்டுக்கு மேல் கேட்கும் கார்டில் ஆறு ஊசி மின்இணைப்பு தனியாக இருக்கும். அலுவலகக் கணினிகளில் அந்த வயர் பெரும்பாலும் இருக்காது. "ஹார்டு டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரில் ஒரு மாற்றியை (அடாப்டர்) போட்டுக்கொள்ளலாம்" என்று கடையில் சொல்வார்கள். வேண்டாம். சாட்டா மின்இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள், ஊசிக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட்தான் தாங்கும். ஆறு ஊசி இணைப்போ 75 வாட் வரை இழுக்கும். அந்த மாற்றி உருகுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள்.

இந்த இரண்டு சல்லடைகளில் சலித்த பிறகு எனக்கு மிஞ்சியவை இரண்டு கார்டுகள். ஆர்எக்ஸ் 6400: 53 வாட், நல்ல வேகம். ஆனால் அது ஸ்லாட்டின் 16 தரவுத் தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்தும். புதிய பலகையில் (மதர்போர்டில்) அது குறையாகத் தெரியாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 பலகையில் செருகினால் நொடிக்கு 2 ஜிபிதான் போய்வரும். வீடியோவைச் சுருக்கிப் பதியும் வசதியும் அதில் கிடையாது. ஜிடி 1030: 30 வாட், வேகம் சுமார். கணினியின் வயதையும் எஸ்எம்பிஎஸ்ஸின் வயதையும் எண்ணி 1030-ஐ எடுத்தேன். லினக்ஸ் மட்டும் ஓட்டுபவராக இருந்திருந்தால் கார்டை இயக்கும் டிரைவர் நிரல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே வந்துவிடும் வசதிக்காக 6400-ஐ எடுத்திருப்பேன்.

1030 வாங்குபவர்கள் கவனிக்க: ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கின்றன. ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதில் நொடிக்கு 48 ஜிபி தரவு போய்வரும். 2018-இல் வந்த டிடிஆர்4 வகையில் 16.8 ஜிபி. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். கண்ணாடி அணிந்து படியுங்கள்.

இன்டெல் ஆர்க் கார்டுகளைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய பலகைகளில் அவை நொண்டியடிக்கும்.

நான் சறுக்கிய இடம்: மானிட்டர் போர்ட்

கார்டு வந்தது, அளவாகப் பொருந்தியது, விசிறி சுற்றியது. அப்போதுதான் பார்த்தேன்: என் பழைய மானிட்டரில் இருப்பது நீல நிற விஜிஏ போர்ட் ஒன்றுதான். கார்டில் இருப்பவை எச்டிஎம்ஐயும் டிவிஐயும். கவலைப்படவில்லை. இழுப்பறையில் டிவிஐ–விஜிஏ மாற்றி ஒன்று கிடந்தது. செருகினால் நுழையவில்லை. உற்றுப் பார்த்தேன். மாற்றியில் ஒரு தட்டை ஊசியைச் சுற்றி நான்கு சிறிய ஊசிகள். கார்டில் அவற்றுக்குத் துளைகளே இல்லை.

இந்த நான்கும் தேவையற்றவை போலிருக்கிறது என்று முடிவு செய்து, குறட்டை எடுத்து நான்கையும் ஒடித்தேன். இப்போது அழகாக நுழைந்தது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

அன்று மாலை முழுவதும் கார்டைக் கழற்றி மாட்டினேன். ரேமைத் துடைத்தேன். பயாஸ் பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். மறுநாள் 'கார்டு செத்தது' என்ற முடிவோடு தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கார்டைத் தன் கணினியில் செருகி எச்டிஎம்ஐ கேபிளை மாட்டினார். ஒரே நிமிடத்தில் படம் வந்தது. "உங்கள் மானிட்டரில் என்ன போர்ட், சார்?" என்றார். நான் ஊசி ஒடிந்த மாற்றியைக் காட்டினேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

விஷயம் இதுதான். விஜிஏ மானிட்டருக்கு அனலாக் சமிக்ஞை வேண்டும். பழைய கார்டுகளில் இருந்தது டிவிஐ-ஐ வகை (கடைசி 'ஐ' இரண்டாம் வேற்றுமை உருபு அல்ல, பெயரின் பகுதிதான்). அதில் டிஜிட்டலும் உண்டு, அனலாகும் உண்டு. புதியவற்றில் இருப்பது டிவிஐ-டி, டிஜிட்டல் மட்டும். நான் ஒடித்த நான்கு ஊசிகளில் மூன்று முறையே சிவப்பு, பச்சை, நீல நிறங்களைக் கொண்டுசெல்பவை. நான்காவது கிடைமட்ட ஒத்திசைவுக்கானது, அதாவது படத்தின் ஒவ்வொரு வரியும் எப்போது தொடங்கும் என்று மானிட்டருக்குச் சொல்வது. அதாவது, படத்தையே கையால் பிடுங்கி எறிந்துவிட்டுப் படம் எங்கே என்று தேடியிருக்கிறேன். ஒடிக்காமல் விட்டிருந்தாலும் வந்திருக்காது. கார்டிலேயே அந்தச் சமிக்ஞை பிறப்பதில்லை.

தேவைப்படுவது உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றி. டிஜிட்டலை அது அனலாகாக மாற்றித் தருகிறது. தனக்கு வேண்டிய மின்சாரத்தை எச்டிஎம்ஐயின் 5 வோல்ட் ஊசியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ, நடுவில் வெறும் வயர் என்று மலிவாக விற்கும் கேபிள்கள் இதற்கு உதவாது. எனவே கார்டு வாங்கப் போகும்போது மானிட்டரின் பின்புறத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

மாட்டுவது

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சில நொடி அழுத்துங்கள், கேபினெட்டின் உலோகத்தைத் தொடுங்கள், ஸ்லாட் முனையிலுள்ள தாழ்ப்பாளைத் தள்ளிப் பழையதை எடுங்கள், புதியதை அழுத்துங்கள், திருகாணியைப் போடுங்கள். இதில் சொல்ல வேறொன்றுமில்லை. கார்டின் நிறுவனம் மாறினால் மட்டும் பழைய டிரைவரை முதலில் நீக்குங்கள். அதற்கு டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச நிரலைத்தான் நான் நம்புகிறேன்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துவிட்டு எழுதிய மூவரில் ஒருவருக்குச் சிக்கல் மிக எளிது: கார்டை மாட்டிவிட்டுக் கேபிளை மதர்போர்டு போர்ட்டிலேயே விட்டிருந்தார். கார்டு வந்ததும் பல பலகைகள் உள்கிராபிக்ஸை அணைத்துவிடும்.

இன்னொருவர் இரண்டாம் கையாக 1050 டிஐ என்ற கார்டை வாங்கியிருக்கிறார். விளையாட்டு எதுவும் ஓடவில்லை. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலை ஓட்டச் சொன்னேன். கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டியது. பழைய கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் நிரலை மாற்றி எழுதிப் புதிய பெயரில் விற்கிறார்கள். 2018 முதல் இந்த நிரல் அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாமவரின் பலகை யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க நிரல்) வருவதற்கு முந்தையது. சில புதிய கார்டுகள் அத்தகைய பலகையில் படமே காட்டாது; அவருடையதும் அப்படித்தான். பலகை நிறுவனத்தின் தளத்தில் புதிய பயாஸ் இருந்தால் ஏற்றிப் பார்க்கலாம். அவருக்கு அது கிடைக்கவில்லை. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே கடையில் அதைவிடப் பழைய ஒன்றை வாங்கிக்கொண்டார்.