தண்டுவடக் காயத்துக்குப் பின் உடற்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டுவடக் காயம் அடைந்தவர் வீடு திரும்பியதும், உடம்பு தேற வேண்டும் என்று உறவினர்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட வைப்பார்கள். அன்பினால் செய்வதுதான் என்றாலும், ஆற்றல் கணக்கு அங்கேயே தவறத் தொடங்குகிறது. காயத்துக்குக் கீழுள்ள தசைகள் இளைத்துவிடுவதால், ஓய்வில் அவர் உடல் செலவழிக்கும் ஆற்றல் மற்றவர்களைவிட 14 முதல் 27 விழுக்காடு வரை குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காக உணவைத் தாமாகவே வெட்டிவிடவும் கூடாது. படுக்கைப்புண் இருப்பவருக்குப் புரதம் கூடுதலாகவே தேவைப்படும்.

உடற்பயிற்சிக்கான பொதுவான கலோரி அட்டவணைகளை அப்படியே நம்புவது அடுத்த தவறு. ஓய்வில் ஒருவர் கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறார் என்ற அடிப்படையில் அவை கணக்கிடப்படுகின்றன. தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு அந்த அளவு சுமார் 2.7 மட்டுமே. ஆகவே உண்மையில் 100 கலோரி செலவாகும் இடத்தில் அட்டவணைக் கணக்கு ஏறக்குறைய 130 என்று சொல்லிவிடும். இன்னொருவர் கால்களை மடக்கி நீட்டிவிடுவதும் மூட்டு இறுகாமல் காக்குமே தவிர, ஆற்றல் செலவில் பெரிதாகச் சேராது.

இதயத் துடிப்பைக் கொண்டு முயற்சியை அளப்பதுதான் பலரை மனமுடைய வைக்கிறது. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் வழக்கமான கணக்கின்படி 30 வயதுக்காரரின் உச்சத் துடிப்பு 190. ஆனால் கழுத்துப் பகுதியில் முழுமையான காயம் ஏற்பட்டவருக்கு, இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகளின் தொடர்பு அறுபட்டிருப்பதால், எவ்வளவு முயன்றாலும் துடிப்பு பெரும்பாலும் 110 முதல் 130-க்குள் நின்றுவிடும். அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வது பெரிய அநியாயம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது நடுத்தர முயற்சி.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. ஆறாவது மார்புத் தண்டுவட மட்டத்திலோ (மருத்துவக் குறிப்புகளில் T6) அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குப் பயிற்சியின்போது திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்து முகம் சிவந்து வியர்த்தால், அருகில் இருப்பவர்கள் மயக்கம் என்றெண்ணி அவரைப் படுக்க வைத்துவிடுகிறார்கள். அது இரத்த அழுத்தம் எகிறியதன் அறிகுறி. படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறையாவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இரத்த அழுத்தத்தின் மேல் எண் வழக்கமாக 90 அல்லது 100 இருக்கும் இவர்களுக்கு 140 என்பது சாதாரண எண் அல்ல.

காயத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காததால், வெயில் நேரத்தில் மின்விசிறியும் ஈரத்துணியும் இல்லாமல் பயிற்சி செய்யக் கூடாது.

எவ்வளவு செய்வது? உடல்திறனுக்கு வாரம் இரு முறை 20 நிமிடம் மூச்சு வாங்கவைக்கும் பயிற்சியும் தசை வலுப் பயிற்சியும், இதய நலனுக்கு மூச்சு வாங்கவைக்கும் பயிற்சி வாரம் மூன்று முறை 30 நிமிடங்களும் என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. வலுப் பயிற்சியில் தள்ளும் அசைவுகளை மட்டும் செய்தால், நாள் முழுதும் சக்கர நாற்காலியைத் தள்ளித் தேயும் தோளுக்கு அதே சுமைதான் மேலும் கூடும். தோள்பட்டையின் பின்புறத் தசைகள் வலுப்பெற, இழுக்கும் அசைவுகளையும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.