பயிற்சி நோட்டில் எதை எழுதுவது, எதை எண்ணுவது

தசை வளர வேண்டுமானால், தூக்கும் எடை, எத்தனை முறை தூக்குகிறோம் என்பது, செட்டுகள் (ஓய்வின்றித் தொடர்ந்து தூக்கும் சுற்றுகள்) ஆகியவற்றுள் ஒன்றாவது காலப்போக்கில் கூடியாக வேண்டும். 1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலார்ம், காயமுற்ற வீரர்களுக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி அளித்துப் பலன் கண்டதும் இந்த அடிப்படையில்தான். கூடுகிறதா என்பதை மனக்கணக்கில் வைத்திருக்க முடியாது என்பதால், நாற்பது பக்க நோட்டு ஒன்று அவசியம்.

பெங்களூரு அல்சூரில் நான் செல்லும் ஜிம்மில், ஒவ்வொரு செட் முடிந்த உடனே எழுதிவிடுகிறேன். பெஞ்சில் படுத்தபடி எடையை மேலே தள்ளும் பயிற்சிக்கான ஒரு வரி இப்படி இருக்கும்: “பெஞ்ச் பிரஸ், 50 கிலோ – 8, 8, 8, மீதம் 2.” கடைசி எண்தான் முக்கியமானது, இன்னும் இரண்டு முறை தூக்கியிருக்க முடியும் என்று அது சொல்கிறது. அது இல்லாவிட்டால், அதே எட்டு முறை எளிதாக வந்ததா, உயிரைக் கொடுத்து வந்ததா என்பது அடுத்த வாரம் தெரியாது.

எடையை மொத்த முறைகளால் பெருக்கினால், மேற்சொன்ன பயிற்சியின் அளவு 1,200 கிலோ. கால்களால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் 120 கிலோவை 12 முறை வீதம் மூன்று செட் செய்தால் 4,320 கிலோ வரும். அதனால் கால்கள் மூன்றரை மடங்கு உழைத்தன என்று ஆகாது. ஆகவே இந்தப் பெருக்கலை ஒரே பயிற்சியை அதனுடனேயே ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு தசைக்கான அளவை அறிய, வாரத்தில் அதற்குச் செய்த கடினமான செட்டுகளை, அதாவது மீதம் மூன்றுக்கு மேல் இல்லாதவற்றை, எண்ணுவதே சரி. வார்ம்-அப் செட்டுகளைச் சேர்க்கக் கூடாது. தசை வளர்ச்சியை ஆராயும் பிராட் ஷோன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாரச் செட்டுகள் கூடக்கூடத் தசை வளர்ச்சியும் கூடுவதைக் கண்டனர். ஒரு தசைக்கு வாரம் பத்துச் செட் என்பது தொடங்குவதற்கு நல்ல இலக்கு.

எடையைக் கூட்ட அவசரப்பட வேண்டாம். ஒரு செட்டுக்கு 8 முதல் 12 முறை வரை என்று வரம்பு வைத்துக்கொண்டு, மூன்று செட்டிலும் 12 வந்த பிறகே 2.5 கிலோ கூட்டுங்கள். அப்போது முறைகள் குறைவது இயல்பு.

எடைத் தட்டுகளை மாட்டும் கம்பியான பாரின் எடையை முதலில் உறுதிசெய்யுங்கள். நான் பல மாதங்கள் 20 கிலோ என்று எழுதிவந்த பார், எடைக்கருவியில் அதைப் பிடித்தபடி ஏறி நின்று, என் எடையைக் கழித்துப் பார்த்தபோது 15 கிலோதான் இருந்தது. கப்பி வைத்த இயந்திரங்களின் எண்களும் அப்படியே. ஒரு ஜிம்மின் 40 கிலோ இன்னொன்றில் 40 கிலோவாக இருக்காது. ஜிம் மாறினால் அந்தப் பயிற்சிக்குப் புதுப் பக்கம் தொடங்குங்கள்.

உடல் எடையை வாரத்தில் மூன்று நான்கு நாள் காலையில், வெறும் வயிற்றில் பார்த்துச் சராசரி எடுங்கள். புஜத்தையும் தொடையையும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் டேப் வைத்து அளந்தால் போதும்.

மூன்று வாரமாக எண்கள் நகராவிட்டால், உடனே செட்டைக் கூட்டாமல், அந்த நாட்களின் ஓரக்குறிப்புகளைப் படியுங்கள். வெளிவட்டச் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் சிக்கியது, ஐந்து மணி நேரமே தூங்கியது, மதியம் சாப்பிடாதது எல்லாம் அங்கே இருக்க வேண்டும். தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் எண்கள் நகரவில்லை என்றால், ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பிறகு பழைய எடையிலிருந்தே தொடருங்கள்.