சுவருக்குப் பின்னால் இருந்தவர்: ‘போர்ட்டல்’ ஆட்டத்தில் ராட்மனைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டு விடுமுறைக்கு ஏற்காட்டிலிருந்து அக்கா மகன் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். என் பழைய லேப்டாப்பில் ‘போர்ட்டல்’ ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று கூப்பிட்டான்: “மாமா, இங்க சுவத்துக்குப் பின்னாடி யாரோ குடியிருந்திருக்காங்க.”

அவனாகவே கண்டுபிடித்தான். நான் என்ன செய்தேன்? பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆள் யார், பெயர் என்ன, கடைசியில் என்ன ஆனார் என்று பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடுத்த அறையில் இன்னொரு பொந்து வந்தது. அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேடுவதற்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லையே. முதல் தவறு அதுதான். ஆடி முடிக்கும் முன்பே விளக்க வீடியோ பார்ப்பதும் அதே தவறுதான்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம். வால்வ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட புதிர் ஆட்டம் இது. அபர்ச்சர் சயின்ஸ் என்ற கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் செல் என்ற பெண் கண்விழிக்கிறாள். மனிதர் ஒருவரும் இல்லை. கிளாடோஸ் என்ற கணினி இனிமையாகப் பேசிப் பேசியே அவளை அறை அறையாகச் சோதனைக்கு அனுப்புகிறது. முடித்தால் கேக் கிடைக்கும் என்கிறது. ரத்தமோ பேயோ கிடையாது. ஆனால் ஊழியர்களின் நாற்காலி மட்டும் இருந்து ஊழியர்கள் இல்லாத ஒரு கம்பெனியைப் போலப் பயமுறுத்துவது எனக்கு வேறில்லை.

இந்த ஆட்டத்தில் ஒளிந்திருப்பவர் ராட்மன். அவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை. அவர் விட்டுப்போன இடங்களை மட்டும் பார்க்கிறோம்.

பெரும்பாலோர் அவரைத் தவறவிடுவது 16ஆம் அறையில். டரெட்கள், அதாவது ஆளைக் கண்டதும் தானாகச் சுடும் துப்பாக்கி இயந்திரங்கள், முதன்முதலாக வருவது அங்கேதான். சுடுகிறதே என்று ஓடுவோம், வழி தெரிந்ததும் லிஃப்டுக்குப் பாய்வோம். டரெட்களைச் சாய்த்த பிறகு ஒரு நிமிடம் நில்லுங்கள். சுவர்ப் பலகை ஒன்று சரியாக மூடாமல் நிற்கும். உள்ளே போனால் வெள்ளைவெளேர் என்ற ஆய்வுக்கூடம் முடிந்து துரு தொடங்கும். காலி டப்பாக்கள், தண்ணீர்க் குடுவைகள், கைத்தடம், கிறுக்கல். ஒரு மனிதன் படுத்து எழுந்த அளவு இடம். அங்கேதான் ‘கேக் பொய்’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கும்.

அந்த வரி உலகம் முழுக்க நகைச்சுவையாகப் பரவியது. சட்டையில்கூட அச்சடித்தார்கள். அதனாலேயே அதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். எழுதிய ஆளுக்கு அது சிரிப்பில்லை, பின்னால் வருபவருக்கு விடுத்த எச்சரிக்கை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆட்டம் முடிந்தபின் ஒரு கேக்கை நிஜமாகவே காட்டுகிறார்கள். கேக் இருக்கிறது, சோதனைக்கு வந்தவளுக்குத்தான் இல்லை. அவளுக்கு வைத்திருந்தது நெருப்பு. ஆகவே கிளாடோஸ் சொல்வதை அப்படியே நம்புவது எவ்வளவு தவறோ, சுவரில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து உண்மையென்று எடுத்துக்கொள்வதும் அவ்வளவு தவறு. யார், எந்த நிலையில் சொல்கிறார்கள் என்று இரண்டிடமும் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு, ‘ஏதோ பைத்தியம் கிறுக்கியது’ என்று தள்ளிவிடுவது. 17ஆம் அறையில் இதயம் வரைந்த ஒரு பெட்டியைத் துணையாகக் கொடுத்து, கடைசியில் அதை நம் கையாலேயே எரிக்கச் சொல்வார்கள். அங்குள்ள பொந்தில் புகைப்படங்களில் மனித முகங்களின் மேல் அந்தப் பெட்டியின் படம் ஒட்டியிருக்கும். பழைய ஆங்கிலக் கவிதை வரிகளில் சொல்லை மாற்றிப் பெட்டியைப் பற்றி எழுதியிருக்கும். பார்த்தால் உடம்பு சிலிர்க்கும், சரி. ஆனால் பேச ஆளே இல்லாத இடத்தில் ஒருவர் துக்கம் கொண்டாடியிருக்கிறார் என்று படித்துப் பாருங்கள். அவருக்கு ஸ்கிட்சோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய், இருந்தது என்பது பிறகு தெரியவருகிறது. நோயாளி என்பதால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. அந்தக் கட்டடத்தில் கிளாடோஸைச் சரியாகச் சந்தேகித்தவர் அவர்தான்.

‘பிறகு தெரியவருகிறது’ என்றேன் இல்லையா, அங்கே ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டுடியோ போய்விட்டது, நுழைவாயில் நிற்கிறது. அதைப் பார்த்தே ஸ்டுடியோவை நிறுவிய டி. ஆர். சுந்தரத்தின் கதை முழுவதும் தெரிந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். நுழைவாயில் சொல்வது கொஞ்சம், மற்றதெல்லாம் வேறு இடங்களில் கேட்டதும் படித்ததும். ராட்மன் விஷயத்திலும் அப்படிப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். 2007 ஆட்டத்தில் இருப்பது சுவரும் பொந்தும் மட்டுமே. டக் ராட்மன் என்ற பெயர், நோய், மருந்து, அவரோடு பேசும் பெட்டி எல்லாம் 2011 ஏப்ரலில், இரண்டாம் பாகம் வருவதற்குச் சற்று முன், வால்வ் இலவசமாக வெளியிட்ட படக்கதையில் வருபவை. ஊழியர்களை நச்சுவாயு கொன்றபோது தப்பிய விஞ்ஞானி அவர். ‘மிகையான விடாமுயற்சி உடையவள், சோதிக்க வேண்டாம்’ என்று ஒதுக்கிய செல்லின் கோப்பைச் சோதனைப் பட்டியலின் உச்சிக்கு நகர்த்தியவரும் அவரே.

இது தெரிந்ததும் முதல் பாகத்தையே திரும்ப ஆடத் தோன்றும். நம்மை அந்த அறைகளுக்குள் அனுப்பியது கிளாடோஸ் மட்டுமில்லை, அவரும்தான். எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கிப் படித்தால் இந்தத் திடுக்கிடல் கிடைக்காது.

சின்னத் தவறுகள் சில. முதல் பாகத்தில் 26 ரேடியோக்கள் உண்டு. குறிப்பிட்ட இடத்துக்குத் தூக்கிப்போனால் விசித்திரச் சத்தம் எழுப்பும். அது ராட்மன் அனுப்பும் ரகசியச் செய்தி இல்லை. 2010 மார்ச்சில், இரண்டாம் பாகத்தை அறிவிக்கும் முன் வால்வ் சேர்த்த புதிர். அப்புறம், இரண்டாம் பாகத்தில் குழந்தைகளின் உருளைக்கிழங்குச் சோதனைகளுக்கு நடுவே செல்லின் பெயரோடு ஒன்று பூதாகாரமாக வளர்ந்திருக்கும். அதில் அப்பாவின் வேலையிடத்திலிருந்து வந்த பொருள் ஒன்றைச் சேர்த்ததாகக் குறிப்பு உண்டு. ஊழியர் ஒருவரின் மகளாக இருக்கலாம் என்பதுவரை சரி. அந்த ஊழியர் ராட்மன்தான் என்று முடிவுகட்ட ஆட்டத்தில் ஆதாரம் இல்லை.

ஹெட்போன் இல்லாமல் இரண்டாம் பாகத்தை ஆடாதீர்கள். ஒரு பொந்தில் ரேடியோவில் முழுப் பாட்டே ஓடும். லேப்டாப் ஸ்பீக்கரில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில் அது காதில் விழாமலே போய்விடும்.

பொங்கலுக்கு அவன் மறுபடி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தான். இரண்டாம் பாகம். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. ராட்மன் வரைந்த சுவர் ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றான். கிளாடோஸ் எது, செல் எது என்று விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு படக்கதையையும் அவனே தேடிப் படித்தான். அதில் செல்லின் உயிர்காக்கும் இணைப்பை மீட்க ராட்மன் திரும்ப உள்ளே போகிறார், டரெட் சுடுகிறது, காரியத்தை முடித்துவிட்டு ஓர் உறக்கப் பெட்டியில் படுத்துக்கொள்கிறார். அத்தோடு கதை நின்றுவிடுகிறது.

“மாமா, அவரு உயிரோட இருக்காரா?” என்று கேட்டான்.

“நீ என்ன பார்த்த, சொல்லு” என்றேன். லேப்டாப்பைத் திறந்து முதல் பொந்திலிருந்து மறுபடி தொடங்கினான்.