நான்முகியை முதலில் கையில் கொடுங்கள்

இலங்கை மலையகத்தில், ஹற்றன் பக்கத்துப் பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கிறேன். தட்டையான முக்கோணி பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை. கரும்பலகையில் கூம்பகத்தை வரைந்ததும்தான் குழப்பம் தொடங்குகிறது. அதனால் எங்கள் வகுப்பில் திண்மம் முதலில், படம் பிறகு. தொடக்கம் நான்முகி, அதாவது நான்கு சமபக்க முக்கோணிகளாலான கூம்பகம்.

பிரிஸ்டல் அட்டையில் 20 செ.மீ. சமபக்க முக்கோணி வேண்டும். பிள்ளைகளின் கவராயம் அவ்வளவு விரியாது. 10 செ.மீ. முக்கோணி ஒன்றை வரைந்து, ஓர் உச்சியிலிருந்து இறங்கும் இரு பக்கங்களையும் இன்னும் 10 செ.மீ. நீட்டி, முனைகளை இணையுங்கள். மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்தால் நான்கு முக்கோணிகள் கிடைக்கும். ஒவ்வொரு பெரிய பக்கத்திலும் ஒரு பாதிக்கு மட்டும் ஒட்டுவதற்கு 1 செ.மீ. பட்டை விட்டு வெட்டுங்கள். மடிப்புக் கோடுகளை அடிமட்டம் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறுங்கள். இதை விட்டால் மடிப்பு கோணலாகிவிடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து அட்டை ஈரம் குடித்துத் தளர்ந்திருக்கும். முதல்நாளே அடுப்படியருகே வைத்துக் காயவிடுங்கள்.

மூன்று மூலைகளையும் தூக்கினால் ஒரே புள்ளியில் கூடும். இரண்டை ஒட்டுங்கள், மூன்றாவது மூடியாக இருக்கட்டும். நான்கு உச்சிகள், ஆறு விளிம்புகள், நான்கு முகங்கள்: பிள்ளைகளே தொட்டு எண்ணட்டும்.

அடுத்தது முக்கோண அரியம், இரு முனையிலும் ஒரே முக்கோணி உள்ள திண்மம். லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டுக்) கூரையடியில் தெரியும் வடிவம். அதே 10 செ.மீ. அடி, மேற்பக்கம் திறப்பு. உயரம் எவ்வளவு? இங்கேதான் நிதானிக்க வேண்டும். பிள்ளைகள் அடிமட்டத்தை நான்முகியின் சரிவில் சாய்த்து 8.7 என்பார்கள். அது முகத்தின் உயரம். மேசையில் அடிமட்டத்தை நிமிர்த்தி, உச்சியின்மேல் ஓர் அட்டையைக் கிடையாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏறத்தாழ 8.2 வரும். ஒவ்வோர் உயரத்துக்கும் ஓர் அரியம் செய்யச் சொல்வேன்.

நான்முகியில் பயறு நிரப்பி அரியத்தில் கொட்டுங்கள். 8.2 செ.மீ. அரியம் மூன்று முறையில் நிரம்பும். மற்றதில் மேலே அரை செ.மீ. வெறுமையாகவே நிற்கும். செங்குத்துயரம், சாயுயரம் என்ற சொற்களை அதன் பிறகு எழுதுங்கள். நான்முகியின் கனவளவு அரியத்தினதில் மூன்றில் ஒன்று ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்காது, எந்த உயரம் என்றுதான் கேட்கும்.