ஸ்பானிஷ் வகுப்புக்கு இணையத்தில் கிடைப்பதையெல்லாம் அள்ளிப் போடலாமா?

என் மாணவர் ஒருவர் இணைய வினாடி வினாவில் ஒரு வாக்கியம் தட்டினார். 'என் அப்பாவுக்கு ஐம்பது வயது' என்பதை ஸ்பானிஷில் எழுத வேண்டும். எழுதினார், பச்சை டிக் விழுந்தது, முழு மதிப்பெண். அந்த வாக்கியத்தை மெக்சிகோவில் ஒருவர் படித்தால் அவருக்குக் கிடைக்கும் பொருள்: 'என் உருளைக்கிழங்குக்கு ஐம்பது ஆசனவாய்.'

அப்பா என்பது 'பப்பா'. அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும், அதைக் காட்டத்தான் கடைசி எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு. கோட்டை விட்டால் அது 'பாப்பா', லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு. வயதைச் சொல்ல 'ஆஞோ' என்ற சொல் வேண்டும், ஆண்டு என்று பொருள். அதில் வரும் தலையில் அலை போட்ட எழுத்து நம் 'ஞ' போல ஒலிக்கும். அலையை விட்டால் 'ஆனோ'. மீதியை மேலேயே சொல்லிவிட்டேன்.

தவறு மாணவருடையது அல்ல, என்னுடையது. வினாடி வினாக் கருவிகள் பலவற்றில் 'எழுத்தின் மேல் உள்ள குறிகளைப் பொருட்படுத்தாதே' என்று ஒரு அமைப்பு உண்டு. ஆங்கில விசைப்பலகைக்காரர்கள் சிரமப்படக் கூடாதே என்று வைத்தது. நான் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். வினைச்சொல்லில் இது இன்னும் மோசம்: பேசுகிறேன் என்பதற்கும் அவர் பேசினார் என்பதற்கும் எழுத்தில் உள்ள வித்தியாசமே அந்த ஒற்றைக் கோடுதான். முதல் வகுப்பிலேயே எல்லோர் கைபேசியிலும் ஸ்பானிஷ் விசைப்பலகையைச் சேர்க்க வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

இன்னொரு தவறு இதைவிட ஆழமானது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பானிஷ் பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதியது. அதை அப்படியே எடுத்துத் தமிழ் மாணவரிடம் கொடுத்தால், அவருக்கு வலிக்காத இடத்தில் மருந்து தடவுகிறோம்.

உதாரணத்துக்கு 'குஸ்தார்' என்ற வினை. ஆங்கிலவழிப் பாடங்கள் இதைப் பெரிய மலையாக்கி, பக்கம் பக்கமாக விளக்கும். 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் எனக்குக் காபி பிடிக்கும். மே என்றால் எனக்கு. அவ்வளவுதான். 'மே துவேலே லா கபேஸா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. தமிழில் யோசிக்கிற ஒருவருக்கு இதில் என்ன மலை இருக்கிறது? நாம்தான் நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, நேர்வழியைச் சுற்றுவழி ஆக்குகிறோம். (ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும்: பிடித்த பொருள் பன்மையானால் வினையும் 'குஸ்தான்' என்று மாறும். நம் 'பிடிக்கும்' மாறாது.)

எழுவாயும் அப்படித்தான். பேசுகிறேன் என்றாலே நான் தெரிகிறது. 'ஆப்லோ' என்றாலும் தெரிகிறது. ஆனால் ஆங்கிலவழி செயலியில் பழகிய மாணவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ' போடுவார். யோ சாப்பிடுகிறேன், யோ குடிக்கிறேன், யோ போகிறேன். கேட்பவர் காதுக்கு நான், நான், நான் என்று அடித்துக்கொண்டே இருக்கும். நீ, நீங்கள் வித்தியாசமும் நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். 'தூ', 'உஸ்தேத்' இரண்டையும் விளக்க ஆங்கிலக் காணொளி எதற்கு?

உச்சரிப்புக் குறிப்புகளில் கூடுதல் கவனம் வேண்டும். 'ஆங்கில டி (T) போல' என்று எழுதியிருப்பார்கள். நம் ஊரில் ஆங்கில டி என்றால் நாக்கு 'ட'வுக்குப் போய்விடும், டாக்கோ பிறந்துவிடும். ஸ்பானிஷில் அது பல்லைத் தொடும் 'த', அதாவது தாக்கோ. 'நாதா' என்ற சொல்லில் வரும் மெல்லிய ஒலி, நாம் 'அது' என்று இயல்பாகச் சொல்லும்போது வருகிற த-வுக்கு மிக நெருக்கம். இதை எந்த ஆங்கிலப் பாடமும் உங்களுக்குச் சொல்லாது.

சரி, தமிழருக்கு எது கடினம்? பெயர்ச்சொல்லுக்கு முன்னால், ஆங்கில 'தி' (the) போல வரும் எல், லா. ஆண்பாலுக்கு எல், பெண்பாலுக்கு லா. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதை அஃறிணையில் வளர்ந்தவரால் சுலபத்தில் ஏற்க முடியாது. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ஒரு சொல் ஏற்கெனவே இருப்பதால் அந்தப் பாடங்கள் அதன் பயன்பாட்டை ஓட்டமாகக் கடந்துவிடும். நமக்கு அப்படி ஒரு சொல்லே கிடையாது. இங்கேதான் நீங்களே பயிற்சித் தாள் தயாரிக்க வேண்டும்.

அப்புறம், எந்த ஊர் ஸ்பானிஷ்? ஸ்பெயினில் தயாரான பயிற்சித் தாளில் பேருந்தைப் பிடிக்க 'கோஹேர்' என்று இருக்கும். அதே சொல் மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். நண்பர்கள் பலரைப் பார்த்து 'நீங்கள்' என்பதற்கு ஸ்பெயின்காரர் 'போஸோத்ரோஸ்' என்பார், லத்தீன் அமெரிக்காவில் 'உஸ்தேதெஸ்'. அர்ஜென்டினாவில் 'நீ'யே வேறு, 'போஸ்'. எல்லாம் சரியான ஸ்பானிஷ்தான். ஆனால் தொடக்க மாணவரிடம் திங்கள் ஒன்று, புதன் ஒன்று என்று கொடுக்காதீர்கள். ஏ.ஐ. செயலியிடம் ஒரு கடிதம் கேட்டேன்; மேலே போஸோத்ரோஸ், கீழே உஸ்தேதெஸ் என்று கலந்து கொடுத்தது. எந்த நாட்டு வழக்கு என்று முதலிலேயே சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். தனிச்சொல் உச்சரிப்புக்கு ஃபோர்வோ தளம் நல்லது. பேசியவர் எந்த நாட்டுக்காரர் என்று அதிலேயே போட்டிருக்கும்.

பழைய பாடங்களில் வேறு சிக்கல். அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனம் 1950களில் தூதரக ஊழியர்களுக்காகத் தயாரித்த ஸ்பானிஷ் பாடங்களை, பதிப்புரிமை இல்லாததால், யாரும் பயன்படுத்தலாம். திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சிகள் இன்றும் அருமை, அதை நான் விடமாட்டேன். ஆனால் பேச்சு முழுக்க உத்தியோக மரியாதை. இருபது வயது மாணவர் சக வயதினரிடம் அப்படிப் பேசினால் விறைப்பாக இருக்கும். எழுத்து விதிகளும் மாறிவிட்டன. 2010இல் ஸ்பானிஷ் அகாடமிகள் வெளியிட்ட நூலின்படி எழுத்துகள் 27. அதற்கு முந்தைய பிடிஎஃப்களில் இரட்டை எழுத்துகளான 'சே', 'எய்யே' இரண்டும் தனி எழுத்தாகச் சேர்ந்து 29 என்று இருக்கும்.

உரிமம் பற்றி ஆசிரியர்கள் பலர் யோசிப்பதே இல்லை. இலவசம் வேறு, திறந்த வளம் வேறு. ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் ஸ்பெயின் அரசு அமைப்பான செர்வாந்தேஸ் நிறுவனத்தின் இணைய மையத்தில் 1997 முதல் ஏராளமான பாடங்கள் சும்மா கிடைக்கின்றன. ஆனால் பக்கத்தின் அடியில் எல்லா உரிமையும் தங்களுக்கே என்று எழுதியிருக்கும். மாணவருக்கு இணைப்பு அனுப்புங்கள், நகலெடுத்து உங்கள் பெயரில் போடாதீர்கள். பிறர் பயன்படுத்த ஆசிரியரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்தாலும் அதன் பின்னால் உள்ள இரண்டெழுத்தைப் பாருங்கள். என்.டி. என்றிருந்தால் தமிழில் மொழிபெயர்த்துப் பரப்பக் கூடாது. என்.சி. என்றால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது, ஆகவே கட்டண வகுப்பு நடத்துபவர்கள் யோசிக்க வேண்டும். பல மொழி எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் திரட்டும் தத்தோயேபா (Tatoeba) தளத்தின் வாக்கியங்களைப் பெயர் குறிப்பிட்டு எடுத்தாளலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதும் இடம் என்பதால், ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் எழுதியதா என்று பார்த்து எடுங்கள்.

கடைசியாக, கருவிகளின் எண்ணிக்கை. ஒரு பருவத்தில் நான் ஐந்து செயலிகள் வைத்தேன், ஐந்து கடவுச்சொல். பாதி வகுப்பு 'சார், உள்ளே போக முடியல' என்பதிலேயே கழிந்தது. இப்போது சொற்களை மனப்பாடம் செய்ய ஒரு அட்டைச் செயலி, ஒரு வாட்ஸ்அப் குழு. தினமும் இரவு ஒன்பது மணிக்குள் முப்பது விநாடி ஒலிப்பதிவு அனுப்ப வேண்டும், எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. பின்னணியில் குக்கர் விசில் கேட்கும், பரவாயில்லை.